கோல்டு ஏரா, ராம் ஏரா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், டர்போ கிடையாது. பிக்கப் கூட வேண்டுமென்றால் ‘கோல்டு ஏர் இன்டேக்’ போடுங்கள் என்கிறார் கடைக்காரர். கிரில்லிலிருந்து குழாய் இழுத்து ‘ராம் ஏர்’ செய்தால் போதும் என்கிறார் நண்பர். எதற்குச் செலவு செய்யலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை விட்டுவிட்டு வெளிக்காற்றை எடுப்பது கோல்டு ஏர். கார் ஓடும் வேகத்தையே பயன்படுத்திக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது ராம் ஏர். கேட்க ராம் ஏர்தான் கவர்ச்சியாக இருக்கும். கணக்குப் போட்டால் நிலைமை வேறு.

எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 கி.மீ. வேகத்தில் முழுதாகக் கிடைத்தாலும் அது 450 பாஸ்கல் அளவுதான். வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 200 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 1.75 சதவீதம், 300-ல் 4 சதவீதம். கவாஸாகி நிஞ்சா இஸட்எக்ஸ்-10ஆர் பைக்கின் 2021 மாடலுக்கு நிறுவனம் சொன்ன பவர் 203 பி.எஸ்., ராம் ஏரோடு 213 பி.எஸ். 300 கி.மீ.யை நெருங்கும் பைக்கில், மூக்கிலிருந்து ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) வரை இடைவெளி விடாமல் மூடிய குழாய் போட்டும் நிறுவனக் கணக்கிலேயே கிடைப்பது 5 சதவீதம்தான். உங்கள் காரில் இணைப்புகளில் கசியும் குழாயை வைத்து 80 கி.மீ.யில் போனால் ஒன்றுமே தெரியாது.

இப்போது வெப்பம். வெளியே 35 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தி ஏழரை சதவீதம் குறைவு. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் (முழு த்ராட்டில்) பவர் 4 சதவீதம் அளவுக்கு விழும். அதை ராம் ஏரால் ஈடுகட்ட வேண்டுமானால் 300 கி.மீ. வேகம் வேண்டும். ஆகவே சாலையில் ஓடும் காருக்குக் கோல்டு ஏர்தான்.

ஆனால் கடைக்காரர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. கம்பெனி ஏர்பாக்ஸே பெரும்பாலான கார்களில் கோல்டு ஏர்தான். அதன் ஸ்நார்க்கல் (காற்றை எடுக்கும் வாய்க்குழாய்) ரேடியேட்டருக்கு மேலேயோ மட்கார்டுக்குள்ளேயோ வாய் வைத்து வெளிக்காற்றையே எடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டரைப் பானெட்டுக்குள் திறந்தவாக்கில் மாட்டினால் (இதைத்தான் ‘ஷார்ட் ராம்’ என்று விற்கிறார்கள், அதில் ராமும் இல்லை, கோல்டும் இல்லை) சத்தம் கூடும், டிராஃபிக்கில் பவர் குறையும்.

எனவே வாங்கும் முன் அளந்து பாருங்கள். காரின் ஓ.பி.டி. சாக்கெட்டில் (கோளாறு பார்க்கும் சாக்கெட்) புளூடூத் டாங்கிளைச் செருகி, மொபைல் ஆப்பில் இன்டேக் ஏர் டெம்பரேச்சரை (இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம்) பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு, ஒரே சீராக 70–80 கி.மீ.யில் போகும்போது அது வெளி வெப்பத்தைவிட 10 டிகிரிக்குள் இருந்தால் ஏர்பாக்ஸைத் தொட வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது எகிறுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்து அடைப்பு. மீன் தொட்டிக்குப் போடும் 4 மி.மீ. குழாயை யு வடிவில் வளைத்து, இரு பக்கமும் 60 செ.மீ. உயரம் இருக்கும்படி அட்டையில் ஒட்டி, பாதிவரை கலர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஏர்பாக்ஸில் ஃபில்டருக்குப் பின்புறம் செருகிச் சுற்றிலும் காற்றுப் புகாமல் அடையுங்கள். ஆளில்லாத சாலையில் இரண்டாவது கியர், முழு ஆக்ஸிலரேட்டர், ரெட்லைன் அருகே வரை. பக்கத்து சீட்டில் இருப்பவர் இரு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிக்கட்டும். 10 செ.மீ. வித்தியாசம் என்றால் காற்றழுத்தத்தில் 1 சதவீத இழப்பு. ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை ஓட்டினால், ஃபில்டரின் பங்கு எவ்வளவு, ஸ்நார்க்கலின் பங்கு எவ்வளவு என்று பிரிந்துவிடும். பல நேரம் புதுப் பேப்பர் ஃபில்டரோடு விஷயம் முடிந்துவிடும். சில நூறு ரூபாய் செலவு.

மைலேஜ் கூடுமா என்று கேட்காதீர்கள். பாதி த்ராட்டிலில் போகும்போது காற்றை மறிப்பதே த்ராட்டில் தகடுதான். அதற்கு முன்னால் வழியை அகலமாக்கி என்ன பயன்?

கேள்வி: ஃபில்டர் பம்பருக்குள் கீழே இருக்கும்படி நீளக் குழாய் போட்டிருக்கிறேன். மழையில் ஓட்டலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: தூறலில் ஓட்டலாம். தண்ணீர் தேங்கிய தெருவில் கூடாது. 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 300 சி.சி. கம்ப்ரஷன் 11:1 என்றால் பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சும் இடம் 30 மி.லி.தான். அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். மழைக்காலம் முழுக்கப் பழைய ஏர்பாக்ஸையே மாட்டிவிடுங்கள்.

தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. பேட்டரியைக் கழற்றி, வண்டியை டோ செய்து, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, இன்ஜெக்டர், காயில் இணைப்புகளைப் பிடுங்கிவிட்ட பிறகுதான் இன்ஜினைச் சுற்றவிட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் மாற்றுங்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. இன்ஜின் புரொடெக்ட் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அதிலும், கம்பெனி போடாத குழாய் இருந்தால் சர்வேயர் கேள்வி கேட்பார்.

கேள்வி: எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டரும் மூன்று இன்ச் குழாயும் மாட்டியபின் செக் இன்ஜின் லைட் எரிகிறது. கோட் பி0171.
– வாசகர், மதுரை

பதில்: பெட்ரோல் போதவில்லை என்கிறது அந்தக் கோட். உங்கள் காரில் மேஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) இருந்தால் குழாயின் உள்விட்டத்தை முதலில் அளந்து பாருங்கள். 70 மி.மீ. இருந்த இடத்தில் 76 மி.மீ. போட்டால், அதே காற்று 15 சதவீதம் மெதுவாகச் சென்சாரைக் கடக்கும். காற்றே குறைந்துவிட்டது என்று இ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் குறைக்கும். சென்சார் உட்காரும் துண்டு பழைய விட்டத்திலேயே இருக்க வேண்டும்.

விட்டம் சரி என்றால் ஃப்யூவல் டிரிம்மை (இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து 2500 ஆர்.பி.எம்.மில் குறைந்தால் சென்சாருக்குப் பின்னால் காற்றுக் கசிவு. கிளாம்ப், சிலிகான் இணைப்பு, பிரீதர் குழாய் மூன்றையும் பாருங்கள். வேகமும் லோடும் ஏற ஏற அதிகமானால் சென்சார் கம்பியில் எண்ணெய் படிந்திருக்கிறது. மேஃப் கிளீனர் ஸ்பிரே மட்டும் அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், விரல், பட்ஸ் எதுவும் படக்கூடாது. கால் மணி நேரம் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபில்டருக்கு எண்ணெயை மடிப்பின் முகட்டில் மெல்லிய கோடாக விட்டாலே போதும்.

கேள்வி: டர்போ டீசல் எஸ்.யூ.வி. பானெட்டில் காற்றுப் பிடிக்க ஸ்கூப் வெட்டினால் ராம் ஏர் கிடைக்குமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: கிடைக்காது. பழைய 3.0 லிட்டர் ஃபார்ச்சூனரின் ஸ்கூப் மேலே படுத்திருக்கும் இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விப்பது) காற்றடிக்கத்தான், ஃபில்டருக்கு அல்ல. உங்கள் இன்டர்கூலர் முன் பம்பருக்குப் பின்னால் இருந்தால் ஸ்கூப்புக்கு வேலையே இல்லை. தவிர, பானெட்டின் நடுப்பகுதியில் அழுத்தம் குறைவு. அழுத்தம் கூடுவது கண்ணாடியின் அடிப்பகுதியில். துளையை அங்கே போட்டாலும் மழைநீர் நேராக ஃபில்டருக்குப் போகும். அந்தப் பணத்தில் இன்டர்கூலர் குழாய்களின் கிளாம்ப்களை மாற்றி, பூஸ்ட் (டர்போ அழுத்திய காற்று) கசிவு இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.