சமயச் சடங்கு இல்லாத இறுதி நிகழ்வை நடத்தித் தருபவருக்கு உண்மையில் என்ன வேலை?

"மைக் முன்னால் நின்று 20 நிமிடம் பேசத்தானே போகிறார், அதற்கு எதற்குப் பயிற்சி?" என்றும் கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள். அந்த 20 நிமிடத்துக்கு முன்னால் எட்டு, பத்து மணி நேரம் போகும். அதில் பேச்சு குறைவு, கேட்பதுதான் அதிகம்.

இப்படி நடத்தித் தருபவரைச் செலிபிரண்ட் (celebrant) என்பார்கள். அவர் பூசாரியும் அல்ல, பாதிரியாரும் அல்ல. உடலைக் கையாளுவதும் வண்டி ஏற்பாடு செய்வதும் அவர் பொறுப்பில் வராது. நிகழ்வை வடிவமைத்து, எழுதி, நடத்தித் தருவார், அவ்வளவுதான். 1973-ல் ஆஸ்திரேலியாவில் அட்டர்னி ஜெனரலாக இருந்த லயனல் மர்ஃபி, திருமணங்களை நடத்தச் சமயம் சாராதவர்களை நியமித்தார். கல்யாணத்துக்கு ஆள் கிடைத்த பிறகு சாவுக்கும் கேட்கத் தொடங்கினார்கள்.

குடும்பத்தோடு உட்காரும் முதல் சந்திப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். முதல் அரை மணியில் நோட்டில் உருப்படியாக எதுவும் ஏறாது. "ரொம்ப நல்ல மனுஷன், யாருக்கும் தீங்கு நினைக்க மாட்டார்" என்பார்கள். அதை எந்தச் சவப்பெட்டிக்கு முன்னால் நின்றும் சொல்லலாம். எனவே கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார்? எதற்குக் கோபம் வரும்? சட்டைப் பையில் என்ன வைத்திருப்பார்? "பழைய ரசீது, எல்லாம் பழைய ரசீது, ஒன்றையும் தூக்கிப் போட மாட்டார்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அழுகைக்கு நடுவே சிரிப்பார். உரையை அங்கிருந்து தொடங்கலாம். அன்று வாயே திறக்காத ஒருவர் மூலையில் இருந்திருப்பார். மறுநாள் அவரிடம் தனியாகப் பேசுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் குடும்ப மரத்தை வரைந்து, அவர்கள் கையிலேயே கொடுத்து, விட்டுப்போனவர் யார் என்று கேட்க வேண்டும். முதல் மனைவி, பேச்சுவார்த்தை இல்லாத மகன், இறந்தே பிறந்த குழந்தை என்று அப்போதுதான் வரும். ஒரு பெயர் விட்டுப்போனால் முப்பது வருடம் சொல்லிக்காட்டுவார்கள். இரண்டு அணியாகப் பிரிந்த குடும்பம் என்றால் பெயர்களை வயது வரிசையில் போடுவதாக முன்கூட்டியே ஒப்புதல் வாங்குவது நல்லது. உச்சரிப்பை அவர்களையே சொல்லச் சொல்லி, காதில் விழுந்தபடி எழுதிக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. தகனக் கூடத்தில் 30 நிமிடம் கொடுத்தார்கள் என்றால் உள்ளே வந்து உட்காரவும் வெளியேறவும் 10 நிமிடம் போய்விடும். மிச்சம் 20. நான்கு நிமிடப் பாட்டு இரண்டு, மகளோ நண்பரோ பேச நான்கு. உங்களுக்கு எட்டு. நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80, 90 சொல்தான் வரும், ஆக மொத்தம் 700 சொல் அளவுதான். பிறந்தார், படித்தார், வேலையில் சேர்ந்தார் என்று வரிசையாகப் போனால் பள்ளிக்கூடத்தைத் தாண்டுவதற்குள் நேரம் தீர்ந்துவிடும். வெளியே அடுத்த குடும்பம் தங்கள் பெட்டியோடு நின்றுகொண்டிருக்கும்.

நேரத்தைத் தின்பவர் பெரும்பாலும் "நான் எழுதவில்லை, மனசிலிருந்து பேசுகிறேன்" என்று சொல்பவர். நான்கு நிமிடம் பதினான்கு ஆகும். எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில் நான் கறார். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதன் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். பேசுபவர் உடைந்துவிட்டால் ஓடிப்போய் அணைத்துக்கொள்ளாதீர்கள். ஓரடி பக்கத்தில் போய் நின்று மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் அவரே தொடர்ந்துவிடுவார். முடியவில்லை என்றால் அவர் விட்ட வரியிலிருந்து நீங்கள் வாசிக்கலாம்.

உரை 16 பாயின்ட் எழுத்தில், ஒரு பக்க அச்சில், பக்க எண்ணோடு இருக்கட்டும். பத்தி எதுவும் பக்கம் தாண்டக் கூடாது. கைபேசியைப் பார்த்து வாசிக்க வேண்டாம், அழுகைக்காக நிறுத்திய இடத்தில் திரை அணைந்துவிடும். கல்லறையோரம் என்றால் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கோப்பில் கோத்துவிடுங்கள், காற்றுக்கு இரக்கம் கிடையாது. பாட்டை முந்தைய நாளே முழுதாகக் கேட்டுவிடுங்கள். கச்சேரிப் பதிவாக இருந்தால் பெட்டி உள்ளே வரும்போது கைத்தட்டல் கேட்கும்!

தகனக் கூடத்தில் பெட்டியை மறைக்கும் திரை மூடும் அல்லது கல்லறையில் பெட்டி குழிக்குள் இறங்கும் கட்டத்தில் நான்கைந்து வரி போதும். திரை மூடட்டுமா, திறந்தே இருக்கட்டுமா என்று குடும்பத்திடம் முன்பே கேட்டாக வேண்டும். அது மூடுவதைச் சிலரால் தாங்க முடியாது. எல்லோரையும் மௌனமாக இருக்கச் சொல்லும்போது எவ்வளவு நேரம், எப்படி முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எப்போது தலை நிமிர்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

தற்கொலை என்றால் எந்தச் சொல்லால் குறிப்பிடுவது என்று குடும்பத்தோடு முடிவு செய்ய வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததை உரை சுற்றி வளைத்தால், கூடம் முழுக்க அந்த ஒன்றுக்காக மட்டும் காது கொடுக்கும். ஆனால் எப்படிச் செய்தார் என்பது வேண்டாம். "இனி அவருக்கு நிம்மதி" என்ற வரியும் வேண்டாம். அதே நினைப்போடு பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

முடிந்ததும் உரையின் பிரதியைக் குடும்பத்திடம் கொடுங்கள், நின்ற இடத்தில் பேனாவால் திருத்திய வரிகளையும் ஏற்றி. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அன்று பாதிகூடக் காதில் விழுந்திருக்காது. அவர்கள் பிறகொரு நாள் உட்கார்ந்து படிப்பார்கள்.