92 டெஸ்ட், 1,999 ரூபாய்: வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 38 வயது, மனைவிக்கு 34. இருவருக்கும் எந்த நோயும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒரு லேபிலிருந்து "92 டெஸ்ட், 5,500 ரூபாய் பேக்கேஜ் இன்று மட்டும் 1,999, தம்பதிக்கு 3,499" என்று வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்களாம். வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பை முழுசாகப் பார்த்துவிடுவது நல்லதுதானே என்கிறார் மனைவி. வாங்கலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: "இன்று மட்டும்" தினமும் வருகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் அவசரமில்லை, நிதானமாகப் பேசலாம்.

முதலில் அந்த 92. சிபிசி என்பது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை, அதற்கு ஊதா மூடி போட்ட ஒரே ஒரு குழாய் ரத்தம். மெஷினில் ஒரு தடவை வைத்தால் ஹீமோகுளோபின், வெள்ளையணு, தட்டணு என்று இருபது எண்ணாவது வந்து விழும், அவ்வளவையும் தனித்தனி டெஸ்டாக எண்ணிக்கொள்வார்கள். கொழுப்புப் பட்டியலில் வரும் விஎல்டிஎல் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்த விடைதான். மொத்த பிலிருபினிலிருந்து நேரடி பிலிருபினைக் கழித்தால் மறைமுக பிலிருபின், மொத்தப் புரதத்தில் அல்புமினைக் கழித்தால் குளோபுலின். கழித்தல் கணக்குக்கெல்லாம் ஒரு டெஸ்ட்! சிறுநீர் ரிப்போர்ட்டில் நிறம் ஒரு டெஸ்ட், தெளிவா கலங்கலா என்பது இன்னொரு டெஸ்ட். இப்படிப் பிரித்து எண்ணியதை எல்லாம் திரும்பச் சேர்த்தால் 92 என்பது ஏழெட்டுப் பரிசோதனையில் வந்து நிற்கும். அவற்றைத் தனியாக எழுதிக் கொடுத்து உங்கள் ஊர் லேபில் விலை கேளுங்கள், அப்புறம் 1,999 சலுகையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம், எண்கள் கூடக் கூட சிவப்பு எழுத்தும் கூடும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் போடும் "நார்மல்" அளவு, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வைத்தது. மீதி 5 சதவீதம் பேரும் நோயாளிகள் இல்லை, எண்தான் கோட்டுக்கு வெளியே. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனை செய்தால், நன்றாக இருக்கிற ஆளுக்கே ஏதாவது ஒன்று தவறாக வர 64 சதவீத வாய்ப்பு. எனக்கே நடந்தது. 41 வயதில் இதே மாதிரி ஒரு பேக்கேஜ், ஈரல் என்சைம் ஒன்று 40க்குள் இருக்க வேண்டியது 52 என்று வந்தது. உடனே வயிற்று ஸ்கேன். ஈரல் நன்றாக இருந்தது, ஆனால் கிட்னியில் சின்னதாக ஒரு நீர்க்கட்டி, அதற்கு இன்னொரு ஸ்கேன், அதற்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட். மூன்று வாரத் தூக்கமும் ஒன்பதாயிரம் ரூபாயும் போன பிறகு அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு "இது நிறையப் பேருக்கு இருக்கும், விட்டுடுங்க" என்றார். என்சைமும் இரண்டு மாதத்தில் தானாக இறங்கியிருந்தது.

என் கதை ஒன்றுதான். தென் கொரியாவில் இது நாடளவில் நடந்தது. 1999இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது, ஆஸ்பத்திரிகள் கூடவே கொஞ்சம் காசுக்கு தைராய்டு ஸ்கேனையும் சேர்த்து விற்றன. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு. அதனால் இறந்தவர்கள் விகிதமோ கூடவுமில்லை, குறையவுமில்லை. அதாவது ஒன்றும் செய்யாமல் சும்மா கிடந்திருக்கும் கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் தைராய்டை வெட்டியெடுத்துக்கொண்டார்கள், அதில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டியதாயிற்று.

பொதுச் செக்கப் ஆயுளைக் கூட்டுகிறதா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2019இல் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் கொண்ட 15 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்த இறப்பிலும் சரி, புற்றுநோய் இறப்பிலும் சரி, செக்கப்புக்கு அழைக்கப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் அநேகமாக இல்லை.

அதற்காக ஒன்றுமே பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஆய்வுகள் ஐரோப்பா, அமெரிக்காவில் நடந்தவை. நம் நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023இல் சொன்னது, அதில் தனக்கு இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். பிரஷரும் அப்படித்தான், தலைவலிகூட இல்லாமல் வருஷக்கணக்கில் இருக்கும். அதனால் உங்களுக்கு நான் எழுதித் தரும் சீட்டு சின்னது: பிரஷர், சுகர், கொழுப்பு. பிரஷரை வருஷம் ஒரு முறை, மற்ற இரண்டையும், நார்மல் என்றால், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

இதற்கும் முன்னால் தையல் டேப்பை எடுங்கள். சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் உருவாக்கிய, சர்க்கரை நோய்க்கான வாய்ப்பைக் கணிக்கும் மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. 35 முதல் 49 வயதுக்கு 20, ஆணுக்கு இடுப்பளவு 90 செ.மீ. தொட்டால் 10, நூறு தொட்டால் 20, அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்தே வேலை என்றால் 30. கூட்டுத்தொகை 60 தொட்டால் சுகர் டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள், வருஷா வருஷம் பாருங்கள்.

உங்கள் மனைவிக்கு உண்மையில் வேண்டியது இந்த மாதிரி ரத்தப் பேக்கேஜில் இருக்காது: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. அது ரத்தத்தில் தெரியாது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்கிறார்கள். அங்கேயே பிரஷர், சுகரும் பார்த்துவிடலாம். நீங்கள் பாக்கு, புகையிலை போடுபவர் என்றால் வாயையும் காட்டிவிட்டு வாருங்கள். 3,499 மிச்சம்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. ஆஸ்பத்திரியில் "கோல்டு" பேக்கேஜில் டிரெட்மில் டெஸ்ட், கேன்சர் மார்க்கர் எல்லாம் சேர்த்து 8,500 சொல்கிறார்கள். நடைப்பயிற்சி போகிறார், தொந்தரவு எதுவும் இல்லை.
– மதுரை வாசகி

பதில்: கேன்சர் மார்க்கர் வேண்டாம். சிஇஏ, சிஏ 19-9 எல்லாம் முக்கியமாக, ஏற்கெனவே நோய் உள்ளவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை. நோய் இல்லாமலும் ஏறும், நோய் இருந்தும் ஏறாமல் இருக்கும். டிரெட்மில்லும் அப்படியே, தொந்தரவு இல்லாதவரை ஓடவிட்டு "லேசாகப் பாசிட்டிவ்" என்று ஆஞ்சியோ வரை இழுத்துவிடும். ஆனால் மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது என்று அப்பா எப்போதாவது சொன்னால், அது செக்கப் இல்லை, அன்றைக்கே இதய டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இந்த வயதில் பிரஷர், சுகர், கொழுப்பு, கிட்னிக்குக் கிரியாட்டினின், கண், இவ்வளவும் பாருங்கள்.

கேள்வி: 5,000 ரூபாய்க்குச் செக்கப் செய்தால் வருமான வரி மிச்சமாமே?
– கோவை வாசகர்

பதில்: பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும். அதுவும் வரி 5,000 குறையாது, வரிக்கு உட்பட்ட வருமானம்தான் 5,000 குறையும். 20 சதவீதப் பிரிவில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 1,040 ரூபாய் லாபம், அதற்காக 5,000 செலவு! இந்த 5,000 மருத்துவக் காப்பீட்டுக்கான 25,000 வரம்புக்குள்ளேயே அடங்கும், பிரீமியமே அதைத் தொட்டுவிட்டால் ஒரு பைசாவும் கிடைக்காது. ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும், ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள்.