கழகத்தின் சிறந்த வீரர் யார்? உதைபந்தாட்டக் கேள்வி பதில்

வருடாந்தப் பொதுக்கூட்டம் நெருங்கினால் யாழ்ப்பாணத்துக் கழகங்களுக்குள் முதலில் கிளம்பும் கதை, இந்த வருடம் சிறந்த வீரர் யார் என்பதுதான். வலிகாமத்தில் ஒரு கழகத்துக்கு விளையாடி, பிறகு செயலாளராகவும் இருந்தவன் என்பதால் என்னிடம் பலர் கேட்கிறார்கள். சில கேள்விகளும் பதில்களும் இங்கே.

அண்ணை, எங்கள் கழகத்தில் எப்போதும் கூடுதலாகக் கோல் அடித்தவருக்கே விருது போகிறது. போன முறை பாதி அணி கைதட்டவே இல்லை. வேறு எப்படித் தெரிவு செய்யலாம்? (செயலாளர், இணுவில்)

தம்பி, கூடுதலாகக் கோல் அடித்தவருக்குத் தனியாக ஒரு கிண்ணம் கொடுங்கள். அதற்குத் தெரிவுக்குழு தேவையில்லை, கணக்குக் கொப்பி போதும். சிறந்த வீரர் விருது வேறு விஷயம்.

வருட முடிவில் நாலு பேர் கூடியிருந்து கதைத்தால், கடைசி இரண்டு ஆட்டங்களில் கலக்கியவரின் பெயர்தான் எல்லோர் வாயிலும் வரும். சீசன் தொடக்கத்தில் தோல்விகளிலிருந்து அணியைக் காப்பாற்றிய பின்வரிசைக்காரரை அதற்குள் மறந்துவிடுவார்கள். எனவே ஆட்டம் முடிந்த அன்றே புள்ளி போட்டுவிட வேண்டும்.

மெல்பேர்னில் சொந்தக்காரர் உள்ளவர்கள் பிரவுன்லோ பதக்கம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்தில் 1924 முதல் கொடுத்துவரும் விருது அது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் களத்தில் நின்ற நடுவர்கள் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று வாக்குப் போடுவார்கள். எண்ணுவது விருது இரவில்தான்.

இந்த வழி ஊர்க் கழகத்துக்கு நன்றாகப் பொருந்தும். பயிற்றுவிப்பாளர், நிர்வாகத்தில் ஒருவர், முன்னாள் வீரர் ஒருவர் ஆகிய மூவரும் தங்களுக்குள் கதைக்காமல் எழுதி, உறையில் ஒட்டிப் பொருளாளரிடம் கொடுக்கட்டும். பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் உறைகளைப் பிரித்து எண்ணுங்கள். முதல் ஆட்டத்துக்கு முன்பே இந்த விதியை எழுதி வீரர்களுக்குக் காட்டிவிடுங்கள். ஆட்டங்கள் முடிந்த பிறகு போடும் விதி, ஒருவருக்காகவே போட்டதாகத்தான் தெரியும்.

ஐயா, மகன் கோல் காப்பாளர். எத்தனை பந்தைப் பிடித்தாலும் அவனுக்கு விருது கிடைக்காது என்கிறார்கள். உண்மையா? (ஒரு தாய், குருநகர்)

அம்மா, கஷ்டம்தான், ஆனால் நடக்காததல்ல. வருடத்தின் சிறந்த உதைபந்தாட்ட வீரருக்குக் கொடுக்கும் பலோன் டோர் விருதை வென்ற ஒரே கோல் காப்பாளர் 1963இல் சோவியத்தின் லெவ் யாஷின். ஆனால் கழகம் என்று வரும்போது கதை மாறும். மன்செஸ்டர் யுனைட்டட் ரசிகர்கள் தங்கள் வருடாந்த விருதை 2013–14இலிருந்து தொடர்ந்து மூன்று சீசன்கள் டேவிட் டி கேயாவுக்கே கொடுத்தார்கள். 2017–18இல் மறுபடியும் அவருக்கே. வாராவாரம் பார்ப்பவர்களுக்குத்தான் கோல் காப்பாளரின் அருமை விளங்கும்.

பார்ப்பவர்களின் கண் பந்தோடு போய்விடுவதே பிரச்சினை. ஆகவே கழகங்களுக்கு ஒன்று சொல்வேன்: புள்ளி போடும் மூவரில் ஒருவர் தங்கள் அணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும். பின்வரிசையைக் காப்பாளர் எப்படி அதட்டி நிறுத்துகிறார், கோர்னர் உதைக்கு எங்கே நிற்கிறார், ஆபத்து வருமுன் எப்படி முன்னேறி வருகிறார் என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும். மகனை விடாமல் விளையாடச் சொல்லுங்கள்.

முகநூலில் வாக்கெடுப்பு வைத்தால் என்ன? கனடா, லண்டனில் இருக்கும் எங்கள் ஊரவர்களும் பங்குபற்றலாமே. (கழக ஆதரவாளர், ஊரெழு)

ரசிகர் விருது என்று தனியாக வையுங்கள், சந்தோஷம். பிரதான விருதுக்கு வேண்டாம். வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பி மைதானத்துக்கு மின்விளக்குப் போட்டுத் தருபவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஆட்டத்தைப் பார்க்காதவரின் வாக்கு கடைசியில் சொந்தக்காரப் பொடியனுக்குத்தான் விழும். பெரிய குடும்பத்துப் பிள்ளை வெல்வான், தனியாளாக வந்து விளையாடுபவன் தோற்பான். வீரர்களே தங்களுக்குள் வாக்களிக்கும் விருது ஒன்றும் வையுங்கள். பக்கத்தில் நின்று ஓடியவர்கள் ஒருவரைத் தெரிவு செய்தால் அதன் பெறுமதியே தனி.

சிவப்பு அட்டை வாங்கியவருக்கு விருது கொடுக்கலாமா? (முன்னாள் வீரர், நாவாந்துறை)

இதில் உலகமே இரண்டு பக்கம் நிற்கிறது. 2006 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் மற்றராசியின் நெஞ்சில் தலையால் முட்டி வெளியேற்றப்பட்ட பிரான்சின் சிடானுக்குத்தான் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து போனது. பிரவுன்லோவில் அது நடக்காது. அந்த சீசனில் தடை வாங்கியவருக்குப் பதக்கம் இல்லை. 1997இல் கிறிஸ் கிராண்ட் கூடுதல் வாக்கு எடுத்தும், ஓர் ஆட்டத் தடையால் பதக்கம் ரொபேர்ட் ஹார்விக்குப் போனது.

நான் பிரவுன்லோ பக்கம். எங்கள் மைதானங்களில் சின்னப் பிள்ளைகள் கோட்டுக்கு அருகில் இருந்துதான் பார்க்கிறார்கள். நடுவரை அடிக்கப் போனவரோ எதிரணி வீரரை வேண்டுமென்று உதைத்தவரோ கழகத்தின் சிறந்த வீரர் என்று மேடையேறக் கூடாது. இரண்டு மஞ்சள் அட்டையால் வெளியேறியவர், கோலைத் தடுக்கப் பந்தைக் கையால் மறித்தவர் விஷயம் வேறு. அவர்களுக்கு அந்த ஆட்டத்தின் புள்ளியை மட்டும் கொடுக்காமல் விடலாம்.

இறுதி ஆட்டத்துக்கு முன்பே முடிவெடுத்துக் கேடயத்தில் பெயர் பொறிக்கலாமா? (பொருளாளர், அரியாலை)

வேண்டாம். 2002 உலகக் கிண்ணத்தில் இறுதி ஆட்டத்துக்கு முன்பே வாக்குகள் எடுத்துவிட்டார்கள். தங்கப் பந்து ஜேர்மனியின் கோல் காப்பாளர் ஒலிவர் கானுக்கு. அந்த இறுதி ஆட்டத்தில் றிவால்டோ அடித்த பந்தை அவர் கைநழுவ விட, றொனால்டோ கோலாக்கினார். பிறேசில் 2–0 என்று வென்றது. அதுவரை கான் ஆடியது அற்புதம்தான், என்றாலும் விமர்சனம் வந்தது. பெயர் பொறிப்பதை ஒரு கிழமை தள்ளிப் போடுங்கள்.

எங்கள் கழகத்தில் பெண்கள் அணியும் இருக்கிறது. அவர்களுக்கும் தனி விருது வேண்டும் என்றால் பணமில்லை என்கிறார்கள். (வீராங்கனை, தெல்லிப்பழை)

தங்கச்சி, கட்டாயம் கேளுங்கள். மகாஜனாக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பட்டம் வென்று வந்த ஊர் உங்களுடையது. ஆண்களுக்குக் கொடுக்கும் அதே அளவுக் கேடயம், அதே மேடை, அதே நாள். பணம் போதாவிட்டால் இரண்டு கேடயத்தையும் சிறிதாக்கலாம்.

இரண்டு பேர் சம புள்ளி எடுத்தால்? (தெரிவுக்குழு உறுப்பினர், சுன்னாகம்)

இருவருக்கும் கொடுங்கள். 2003இல் பிரவுன்லோ பதக்கத்தையே மூவர் பகிர்ந்துகொண்டார்கள். நாணயம் சுண்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.