கும்பகோணம் வீட்டைப் படிவத்தில் எழுதுங்கள். மகனுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 68 வயது. கணவர் இறந்தபின் கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து 4 ஆண்டுகளாக மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறேன். இரண்டு பேரப்பிள்ளைகளையும் வளர்த்தேன். இப்போது மருமகள் என்னிடம் பேசுவதே இல்லை. மகன் வாயைத் திறப்பதில்லை. செக்ஷன் 8 வாடகை உதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். கும்பகோணத்தில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது, ரூ.70 லட்சம் போகும். கீழ்த்தளத்தில் இளைய மகன் இருக்கிறான், மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறான். வங்கியில் ரூ.15 லட்சம் வைப்பு, மாதம் ரூ.18,000 குடும்ப ஓய்வூதியம். "உன் பெயரில் சொத்து இருந்தால் அங்கே உதவி கிடைக்காது, வீட்டை என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடு" என்கிறான் இளையவன். எழுதலாமா? பெரியவன் என்னைப் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டுத்தானே அழைத்துவந்தான், அவன் மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: அம்மா, நீங்கள் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்றரைப் பக்கம் மருமகள். உங்கள் வருத்தத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் வீட்டுவசதி அலுவலகத்தில் அந்த மூன்றரைப் பக்கத்தையும் யாரும் படிக்கமாட்டார்கள். அவர்கள் பார்ப்பது உங்கள் வருமானம், உங்கள் சொத்து, அவற்றைப் பற்றி நீங்கள் கையெழுத்திட்டுச் சொன்னது உண்மையா என்பது. கடைசி அரைப் பக்கத்தில் இருக்கும் செட்டில்மென்ட் யோசனைதான் உங்களைக் கவிழ்க்கக்கூடியது.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: கடந்த 2 ஆண்டுகளில் ஏதாவது சொத்தைச் சந்தை மதிப்புக்குக் குறைவாகக் கொடுத்தீர்களா? மகனுக்கு இலவசமாக எழுதிக் கொடுப்பது அதில் நேராக வந்து விழும். பத்திரம் பதிவான பிறகும் 2 ஆண்டுகளுக்கு அந்த வீட்டின் மதிப்பு உங்கள் சொத்துக் கணக்கிலேயே இருக்கும். எழுதிக் கொடுப்பது குற்றமில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று குறிப்பதுதான் குற்றம். இளைய மகனின் யோசனை பலிக்க வேண்டுமானால் நீங்கள் 'இல்லை' என்று குறித்தே ஆக வேண்டும். இதை அவர் யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் யோசிக்க வேண்டும்.

சரி, உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பலரும் பயப்படும் அளவுக்கு ஒன்றும் ஆகாது. விற்கும் செலவு போக வீடும் வைப்பும் சேர்ந்து சுமார் 95,000 டாலர் என்று வையுங்கள். 2016-ல் வந்த, அரசு வாடகை உதவி விதிகளை மாற்றிய ஹோட்மா சட்டம் செக்ஷன் 8-க்குப் புதிதாக வருபவர்களின் நிகர சொத்துக்கு 1,00,000 டாலர் வரம்பு வைத்தது. அது பணவீக்கத்தோடு ஆண்டுதோறும் கொஞ்சம் உயர்கிறது. நீங்கள் அதற்குக் கீழேதான் இருக்கிறீர்கள். வருமானம் தராத சொத்துக்கு ஹட் (அமெரிக்க வீட்டுவசதித் துறை) அறிவிக்கும் சேமிப்பு வட்டி விகிதத்தில் ஒரு கற்பனை வருமானம் போடுவார்கள். அந்த விகிதம் அரை சதவீதத்துக்கும் கீழே. வீட்டின் முழு மதிப்புக்கும் போட்டாலும் ஆண்டுக்கு 400 டாலரைத் தாண்டாது. உங்கள் பங்கு வாடகை கழிவுகள் போன வருமானத்தில் சுமார் 30 சதவீதம் என்பதால், மாடி வாடகையைத் தவிர்த்துப் பார்த்தால், அந்த வீட்டை ஒளிக்காமல் சொல்வதன் விலை மாதம் பத்து டாலர். இந்தப் பத்து டாலருக்காகத்தான் 70 லட்சம் வீட்டைத் தாரை வார்க்கச் சொல்கிறார்கள்.

உண்மையான சிக்கல் வேறு ஒன்று உண்டு. அதே சட்டம், குடியிருக்கத் தகுந்த, நீங்கள் விற்கக்கூடிய, போய் வசிக்க உரிமையுள்ள சொந்த வீடு இருந்தால் உதவி இல்லை என்கிறது. ஆனால் வீடு இருக்கும் இடமே உங்களுக்கு இடர் என்றால் அதைத் தகுந்த வீடாகக் கொள்ள வேண்டாம் என்றும் சொல்கிறது. முடிவு அலுவலகத்தின் கையில். கும்பகோணத்தில் போய் வசித்தால் உங்கள் கிரீன் கார்டு போய்விடும், மருத்துவம் இங்கே நடக்கிறது என்பதை ஆதாரத்தோடு எழுத்தில் வையுங்கள். இந்த விதிகள் எல்லா அலுவலகங்களிலும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. உங்கள் அலுவலகம் இப்போது எந்த விதிப்படி பார்க்கிறது என்று முதலில் கேட்டுவிடுங்கள். வரம்புக்கும் உங்கள் கணக்குக்கும் இடைவெளி குறைவு என்பதால் '70 லட்சம் போகும்' என்ற பேச்சும் போதாது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்குங்கள்.

அப்புறம் மாடி வாடகை. அதை மகன் வாங்கிக்கொள்கிறார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வீடு உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த வாடகை உங்கள் வருமானம் என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு வருகிறது, எந்தக் கணக்குக்குப் போகிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். வாடகை வரும் மாடிக்கு நான் மேலே சொன்ன கற்பனை வருமானக் கணக்கு வராது, உண்மையான வாடகைதான் வரும். குடும்ப ஓய்வூதியமும் வைப்பு வட்டியும் அப்படியே.

"இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்?" நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். இவர்களுடைய கணினி அமெரிக்கச் சம்பளத்தையும் சோஷியல் செக்யூரிட்டியையும் ஒப்பிடும், கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலகத்தை அது பார்ப்பதில்லை. உண்மைதான். ஆனால் நான் பார்த்த வழக்குகளில் காட்டிக்கொடுத்தது கணினி இல்லை, சொந்தக்காரர்கள்தான். ஒரு அம்மாள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துவிட்டு மூன்று ஆண்டுகள் நிம்மதியாக இருந்தார். அங்கே பங்குத் தகராறு வந்ததும் ஒரு உறவினர் பத்திர நகலோடு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டார். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுக்கலாம். அந்த அம்மாள் என்னிடம் வந்தபோது உதவி நின்றிருந்தது, கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லியிருந்தார்கள். தவணையில் கட்ட ஒப்பந்தம் போட்டு அத்தோடு முடித்தோம். அதற்கு மேல் போகாதது அவருடைய அதிர்ஷ்டம். பொய்த் தகவலுக்கு 10,000 டாலர்வரை அபராதம், 5 ஆண்டுவரை சிறை, இனிமேல் உதவியே கிடையாது என்று ஹட் தரும் எச்சரிக்கைத் தாளிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்போதே இரண்டு பேர் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார்கள். இருவருக்கும் கும்பகோணம் வீட்டைப் பற்றித் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கு வருவீர்கள். அங்கே முந்தைய 5 ஆண்டு நன்னடத்தையைப் பார்ப்பார்கள். அரசு உதவிக்காகப் பொய்யான படிவத்தில் போட்ட கையெழுத்து அப்போது உங்களுக்கு எதிராக நிற்கும். வெளிநாட்டு வங்கியில் 10,000 டாலருக்கு மேல் இருந்தால் ஆண்டுதோறும் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் வைப்பு அதைத் தாண்டுகிறது. இதுவரை செய்யவில்லை என்றால் வாடகை உதவிக்கு முன்னால் ஒரு வரி ஆலோசகரைப் பாருங்கள்.

செட்டில்மென்ட் பற்றி இதையும் கேளுங்கள். பதிவாகி, மகன் ஏற்றுக்கொண்டபின் நீங்களாக அதை ரத்து செய்ய முடியாது. உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்து, அவர் தவறினால் 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் வழி உண்டு. ஆனால் அதற்காக 70 வயதில் லான்சிங்கிலிருந்து போய் அங்கே அலைய வேண்டும். இங்கே வாடகை உதவிக்கான காத்திருப்போர் பட்டியல் நகர்வதற்குள் அங்கே வீடு கைவிட்டுப் போயிருக்கும். இரண்டும் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இளையவருக்கே வீடு சேர வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால் உயில் எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை வீடு உங்களுடையது, மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம்.

பெரியவர் மீது வழக்கா? போட முடியும். உங்களை அழைத்துவர அவர் கையெழுத்திட்ட ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழிப் படிவம் வெறும் சடங்கு இல்லை. உங்கள் வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள அவர் கடமைப்பட்டவர். நீங்கள் குடியுரிமை பெறுவது போன்ற சில காரணங்களால் மட்டுமே அது முடியும். ஆனால் வழக்குப் போடாதீர்கள், சமாதானமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஓர் ஆண்டு அறை வாடகை வந்துவிடும், வழக்குப் போட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதும் நின்றுபோகும். மகனிடம் தனியாக உட்கார்ந்து, பட்டியலில் உங்கள் முறை வரும்வரை ஒரு சின்ன அறைக்கு வாடகை கட்டச் சொல்லுங்கள், அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஐ-864 என்ற பெயரைச் சொன்னாலே அவருக்குப் புரியும். மாதாமாதம் அவர் தரும் பணமும் படிவத்தில் வருமானமாக வரும், அதையும் மறைக்காதீர்கள்.

அறைக்கு மாறிய அன்றே அலுவலகத்துக்கு எழுத்தில் புது முகவரியைக் கொடுத்து, கொடுத்ததற்குச் சான்று வாங்கி வையுங்கள். உங்கள் முறை வந்ததாகச் சொல்லும் கடிதம் பழைய முகவரிக்குப் போய், கெடு தேதிக்குள் நீங்கள் பதில் தராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தக் கடிதம் மருமகள் கையில் போய்ச் சேரும்படி விட்டுவிடாதீர்கள்.