தினாரில் இல்லாத முகம்

வணக்கம் சார்,

துபாயில் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு கண்காட்சியில் உமையாக்கள் காலத்துத் தங்க தினார் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெறும் எழுத்து. உருவம் கூடாது என்ற மார்க்க விதிதான் காரணமா? அரசன் முகமோ பெயரோ இல்லாத காசில் அவன் அதிகாரம் எப்படித் தெரியும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

விதி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது. நீங்கள் பார்த்த வகைக் காசை முதலில் அடித்த, உமையா வம்சத்து முஸ்லிம் பேரரசர் கலீஃபா அப்துல் மலிக்கே, அதற்குச் சற்று முன் உருவம் போட்ட தினார் வெளியிட்டவர்தான். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரியில் 74 முதல் 77 வரை வந்த அந்தக் காசில் நீண்ட அங்கியோடு ஒருவர் நிற்கிறார், கை வாள்பிடியில். கலீஃபாதான் என்பது பொதுவான கருத்து. பின்பக்கம் இன்னும் சுவாரசியம். பக்கத்துக் கிறிஸ்தவப் பேரரசான பைசாந்தியத்தின் காசில் படிகள் மேல் சிலுவை இருக்கும். இதில் படிகள் அப்படியே இருக்கின்றன, சிலுவையின் குறுக்குக்கட்டையை மட்டும் காணோம்!

கிட்டத்தட்ட அதே சமயம் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் பேரரசன் இரண்டாம் ஜஸ்டினியன் தன் தங்கக் காசில் கிறிஸ்துவின் முகத்தையே பொறித்தான். முகத்துக்கு முகம் போட்டியில் இனி ஜெயிக்க முடியாது என்று அப்துல் மலிக்குக்குப் பட்டிருக்கும் என்பது என் ஊகம். ஹிஜ்ரி 77இல், அதாவது கி.பி. 696-97இல், படம் மொத்தமாகப் போய்விட்டது. ஒரு பக்கம் இறைவனைப் பற்றி 'அவனுக்கு இணை இல்லை'. மறுபக்கம் 'அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை'. ஜெருசலேமில் அவர் கட்டிய பாறைக் குவிமாடத்துக்குள்ளும் இதே வசனங்கள் உண்டு. எடையையும் சுமார் 4.25 கிராம் என்று மாற்றினார். பைசாந்தியக் காசைவிடக் கொஞ்சம் குறைவு.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். உமையாக்களுக்குப் பின் வந்த அப்பாசியர் காலத்தில், மெல்ல மெல்லக் கலீஃபாவின் பெயர் காசில் ஏறியது. அப்புறம் காசில் யார் பெயர், வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பிரசங்கமான குத்பாவில் யார் பெயர் என்பதுதான் ஆட்சி யாருடையது என்பதற்கு அடையாளம். பெயரை எடுத்துவிட்டால் கலகம் என்று அர்த்தம்.

ஆனால் உமையாக்களின் பெயரில்லாத காசு எதிலும் குறைந்ததில்லை. எழுத்து மட்டுமே இருந்தால் நல்ல தங்கம் என்று ஊர் உலகம் பழகிவிட்டது. இங்கிலாந்தின் மெர்சியா மன்னன் ஓஃபா, அதே பாணியில் பெயரில்லாமல் வந்த அப்பாசிய கலீஃபா அல்-மன்சூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டு (கி.பி. 773-74) தினாரை அப்படியே நகலெடுத்து, அரபு வரிகளுக்கு நடுவே 'ஓஃபா ரெக்ஸ்' என்று தன் பெயரைச் செருகினான். இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவை நேராகப் பிடித்தால் அவன் பெயர் தலைகீழாக நிற்கும். கிறிஸ்தவ மன்னன், பாவம்! அந்தப் பட்டறையில் அரபு வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். லண்டன் போக வாய்த்தால் பிரிட்டிஷ் மியூசியத்தில் கேட்டுப் பாருங்கள், காசு அங்கேதான் இருக்கிறது.