அட்டையையும் பாட்டிலையும் எறியாதீர்கள்: பிள்ளைகளும் வீட்டு மருந்துகளும், கேள்வி பதில்

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வளரும் பிள்ளைகள் மாத்திரையையும் டானிக்கையும் தப்பாக எடுப்பது பற்றி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் மார்த்தாண்டம் பக்கம். பிளஸ் ஒன் படிக்கும் மகனின் பையில் காலி இருமல் டானிக் பாட்டில்கள் கிடந்தன. அவனுக்கு இருமலே கிடையாது. "டானிக்தானே, பயப்படாதே" என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: பாட்டிலை எறியாமல் லேபிளைப் படியுங்கள். கோடீன் என்று இருந்தால் அது அபின் குடும்பத்து மருந்து. அளவு கூடினால் மூச்சை மெதுவாக்கும், பழகினால் விடாது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்று இருந்தால், அளவு மீறும்போது நெஞ்சு படபடக்கும், ஆள் குழம்பும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். ஒரே பாட்டிலில் சளி மருந்து, அலர்ஜி மருந்து என்று இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். போதைக்காக ஒன்றைக் குடிக்கிறவன் மற்றவற்றையும் அதே அளவுக்குக் குடித்துவிடுகிறான்.

பகலில் தூங்கி வழிவது, நாள்பட்ட மலச்சிக்கல், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது, காசு குறைவது ஆகியவற்றைக் கவனியுங்கள். அப்பா, மாமா எல்லாரும் சுற்றி நின்று விசாரிக்க வேண்டாம். நீங்கள் தனியாகக் கேளுங்கள். "யார் தந்தது?" என்பதை அப்புறம் கேட்கலாம். "எப்போதிருந்து குடிக்கிறாய், குடிக்காவிட்டால் உடம்பு என்ன செய்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. சிகிச்சைக்கு அந்தப் பதில்தான் வேண்டும்.

கேள்வி: மேடம், அவசரமாகக் கேட்கிறேன். என் மைனியின் மகளுக்குப் பதினாறு வயசு. வீட்டில் சண்டை, கோபத்தில் காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டைக்கு மேலேயே விழுங்கிவிட்டாள். நேற்று ராத்திரி நடந்தது. வாந்தி எடுத்தாள், இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று மைனி யோசிக்கிறார்.

பதில்: இதைப் படித்தவுடனே கிளம்புங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டை கையில் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று வழியில் மைனிக்குச் சொல்லுங்கள். பாரசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், வாந்தி, அவ்வளவுதான். அது அடங்கியதும் பிள்ளை எழுந்து இட்லி தின்னும், போன் பார்க்கும். ஆனால் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். இரண்டாம், மூன்றாம் நாள் வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள், பேச்சில் தடுமாற்றம் என்று தெரியவரும்போது சிகிச்சை மிகவும் கஷ்டமாகிவிடும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் ஈரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் தாண்டினாலும் பலன் உண்டு, அதனால் "இனிப் போய் என்ன" என்று உட்கார வேண்டாம். வாந்தி எடுத்ததால் மருந்து வெளியே போய்விட்டது என்றும் நம்ப வேண்டாம். ரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

உப்புத்தண்ணி, புளித்தண்ணி, மோர் எதுவும் கொடுக்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரைமயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஊர்ப் பேச்சு பற்றி ஒன்று. மருத்துவமனையில் பதிவு செய்வார்கள், போலீஸ் வந்து ஒரு வாக்குமூலம் கேட்கலாம். பயப்பட வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவுப்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தண்டிக்க மாட்டார்கள். ஈரல் தேறினதும் மனநல மருத்துவரிடம் அவளைக் கட்டாயம் பேச வையுங்கள். அவள் மனசில் என்ன இருந்தது என்று கேட்காமல் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்குப் பதினேழு வயசு, நீட் கோச்சிங் போகிறேன். பாட்டியின் தூக்க மாத்திரையில் ஆளுக்குப் பாதி என்று தோழியும் நானும் எடுக்க ஆரம்பித்தோம். இப்போது அது இல்லாமல் தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது. இன்றே நிறுத்திவிடட்டுமா? அம்மாவுக்குத் தெரியாது.

பதில்: மக்கா, கேட்டது மிக நல்லது. ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதே. அல்பிரசோலம், நைட்ரசெபாம் மாதிரி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்துவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தருவார். அதுவரை அளவைக் கூட்டாதே. மதுவோடும் வலி மாத்திரையோடும் சேர்க்கவே கூடாது. தனித்தனியாகத் தூங்க வைப்பவை சேர்ந்தால் மூச்சை நிறுத்திவிடும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "எனக்குத் தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது, டாக்டரிடம் கூட்டிப் போ" என்று தொடங்கு. மீதியை டாக்டர் முன்னால் சொல்லலாம். வாய் வரவில்லை என்றால் முதலில் 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. தோழியிடமும் இந்த எண்ணைக் கொடு. பாட்டிக்கும் மாத்திரை குறைந்தால் உடம்புக்கு ஆகாது என்பதையும் நினைத்துப் பார்.

கேள்வி: சகோதரி, நான் கடற்கரை ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பையன்கள் சிலரின் முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பு பார்த்தேன். வலி மாத்திரையைக் கரைத்துப் போடுகிறார்கள் என்கிறார்கள். அப்பாமார் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. யாரிடம் சொல்வது?

பதில்: டேபென்டடால் போன்ற, அபின் வகையைச் சேர்ந்த பலத்த வலி மாத்திரைகள் இப்படிப் பயன்படுவது தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கிற விஷயம். மாத்திரை என்றால் மருந்து மட்டும் இல்லை, அதை உருட்டிக் கெட்டியாக்கும் மாவும் டால்க்கும் சேர்ந்தது. வயிற்றுக்குப் போக வேண்டிய அந்த மாவு ரத்தத்தில் போனால் நுரையீரலின் சிறு குழாய்களை அடைக்கும். ஊசி போட்ட இடம் சீழ் வைக்கும், கிருமி இதய வால்வு வரை போகும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றினால் மஞ்சள் காமாலை வைரஸும் எச்ஐவியும் கூடவே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒரு தடவையிலும் மூச்சு நின்று போகலாம்.

பள்ளியில் எந்தப் பிள்ளையாவது எழுப்பினாலும் எழாமல், குறட்டை போல மூச்சு இழுத்து, உதடு நீலமாகக் கிடந்தால் "தூங்கட்டும்" என்று விடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருங்கள். மருத்துவமனையில் நாலோக்சோன் ஊசி இருக்கிறது, அபின் வகை மருந்தை அது முறிக்கும். என்ன போட்டான் என்று நண்பர்கள் உண்மையைச் சொன்னால்தான் அதைச் சீக்கிரம் போட முடியும். அதனால் அந்த நேரத்தில் யாரையும் மிரட்டாதீர்கள்.

அம்மாவைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். அப்பா கரை திரும்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளியை விட்டு நீக்குவதைக் கடைசி யோசனையாகக்கூட வைக்காதீர்கள். பள்ளியும் போனால் அவனுக்கு மிச்சம் இருப்பது அந்தக் கூட்டம் மட்டும்தான். போதை மீட்புக்கு 14446, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098.

கேள்வி: சிகிச்சைக்குக் கொண்டு போனால் மகன் மேல் கேஸ் வருமா?

பதில்: போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது. விற்றவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது.

கேள்வி: அண்ணன் மகன் தக்கலையில் ஜிம்முக்குப் போகிறான். "ஸ்டாமினா ஊசி" என்று ஒன்று போடுகிறான்.

பதில்: அது பெரும்பாலும் மெபென்டெர்மின். ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் மயக்க மருந்து டாக்டர் ஏற்றுவது. நல்ல உடம்புக்குப் போட்டால் அழுத்தம் எகிறி இதயம் தாளம் தப்பும். தொடர்ந்தால் யாரோ துரத்துகிற மாதிரிச் சந்தேகம் வரும். தசைக்காக ஆண்மை ஹார்மோன் ஊசி போட்டால், வளர்கிற வயசில் எலும்பு சீக்கிரமே மூடி உயரம் நின்றுவிடும், விரை சுருங்கும். இதைச் சொன்னால் பையன்கள் கேட்கிறார்கள்.

கேள்வி: மகள் சிவப்பாக ஒரு கிரீமும், சதை பிடிக்க ஒரு சின்ன மாத்திரையும் மெடிக்கலில் வாங்குகிறாள்.

பதில்: கிரீமில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் சில வாரம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். சின்ன மாத்திரை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டாக இருக்கலாம். ஏறுவது சதை இல்லை, நீரும் கொழுப்பும். சர்க்கரை கூடும், எலும்பு தேயும். ரொம்ப நாளாக எடுத்தால் இதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, களியக்காவிளை பக்கம் மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். பையன்கள் சீட்டு இல்லாமல் வந்து கெஞ்சுவார்கள், இல்லை என்றால் "பாறசாலையில் போய் வாங்கிக்கொள்வேன்" என்பார்கள். முதலாளியோ வியாபாரத்தைப் பார்க்கிறார்.

பதில்: எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலும் இதே 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம்தான். அல்பிரசோலம், கோடீன், டிராமடால் என்ற வலி மருந்து எல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் வரும் எச்1 பட்டியல். 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. சீட்டு வேண்டும், டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் போதை மருந்து கொடுத்தால், சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை சிறை. இதை முதலாளியிடம் அப்படியே சொல்லுங்கள், லைசென்ஸ் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பையனைத் திட்டி அனுப்பாதீர்கள். "என்ன தம்பி, வலியா, தூக்கமில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே வலிக்கிறவன் சொல்வான், அவனைக் குழித்துறை அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பழக்கத்தில் மாட்டினவன் பெரும்பாலும் பதில் பேசாமல் திரும்பிப் போவான். அவன் கையில் 14446 எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கொடுத்து அனுப்புங்கள்.