கேள்வி பதில்: எக்ஸாம் நெருங்க நெருங்க தூக்கம் போச்சு

கேள்வி: அடுத்த மாசம் சிஎஃப்ஏ (முதலீட்டுத் துறைக்கான சர்வதேசத் தகுதி) எக்ஸாமோட முதல் கட்டமான லெவல் ஒன் எழுதப் போறேன், வேலையும் பாத்துக்கிட்டு படிக்கிறேன். ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது, படிச்சதெல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல தூக்கத்தைக் காப்பாத்துங்க. படிச்சது மனசுல பதியறதுக்கு தூக்கம் ரொம்ப முக்கியம், அதனால ராத்திரி முழிச்சு இன்னொரு சாப்டர் முடிக்கிறது லாபம் மாதிரி தெரிஞ்சாலும் ஏற்கனவே படிச்சதுதான் கைவிட்டுப் போகும்.

அப்புறம் பயத்தைக் கொஞ்சம் கணக்காப் பாருங்க. மொத்தம் 180 கேள்வி, ரெண்டு செஷன், ஒவ்வொன்னும் 135 நிமிஷம், அப்போ ஒரு கேள்விக்கு 90 செகண்ட். மூணு ஆப்ஷன்தான், தப்பாப் போட்டா மார்க் குறைக்க மாட்டாங்க, அதனால ஒரே கேள்வியில மாட்டிக்கிட்டு பதறாம ஏதாவது ஒன்னைப் போட்டுட்டு நகருங்க, நேரம் மிஞ்சினா திரும்பி வரலாம். இதை வீட்லயே பழகணும், லீவு நாள்ல நிஜ எக்ஸாம் மாதிரி நேரம் வெச்சு முழு மாக் டெஸ்ட் எழுதுங்க (போனை வேற ரூம்ல வெச்சிடுங்க). மார்க் கம்மியா வந்தா மனசு உடையும், பரவால்ல, எங்க ஓட்டைன்னு இப்பவே தெரியறது நல்லதுதானே.

மத்தவங்க எத்தனை மணி நேரம் படிச்சாங்கன்னு கேக்கவே கேக்காதீங்க. தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கா நீடிச்சா டாக்டரைப் பாருங்க, எக்ஸாம் முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க.